காலையில் மட்டும் நடுங்கிய கார்

சிங்கப்பூரில் ஒரு காருக்குப் பத்து வயது நெருங்கும்போது அதன் உரிமையாளர் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார். வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்காவிட்டால் வண்டியைப் பதிவிலிருந்து நீக்கியாக வேண்டும். ஐந்தாண்டுக்கு மட்டும் புதுப்பித்தால் பத்தாண்டுக்குரிய தொகையில் பாதிதான் ஆகும், ஆனால் அந்த ஐந்தாண்டு முடிந்த பிறகு மறுபடி நீட்டிக்க வழியில்லை. காக்கி புக்கிட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வரும் பழைய கார்களில் பல இப்படிக் கடைசி நாள் குறிக்கப்பட்டவை. ஆகவே அவற்றில் செய்யும் ஒவ்வொரு செலவையும், எஞ்சியிருக்கும் மாதங்களோடு வகுத்துப் பார்த்துத்தான் உரிமையாளர்கள் தலையசைப்பார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அப்படிப்பட்ட ஒரு காரைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வயதான, 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட பெட்ரோல் வண்டி. எஞ்சின் விளக்கு எரிகிறது என்பது முறையீடு. வேறொரு பட்டறையில் ஸ்பார்க் பிளக்குகளையும் அடுத்து ஆக்சிஜன் சென்சாரையும் மாற்றியிருந்தார்கள். இரண்டு முறையும் பத்து நாளுக்குள் விளக்கு திரும்ப வந்துவிட்டது. “காலையில பேத்தியப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போறப்பதான் தம்பி, முதல் சிக்னல்ல நிக்கையில வண்டி உதறுது. அப்புறம் ஒண்ணுமில்ல” என்றார். நான் “சரி சார், பார்த்துடலாம்” என்று சொல்லிக்கொண்டே ஸ்கேனரைச் செருகினேன். அவர் சொன்ன அந்த வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது என்பது எனக்கு உறைக்க ஒரு நாள் பிடித்தது.

ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0171, அதாவது கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்திருக்கிறது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்த விகிதம் பிசகுவதைப் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, எஞ்சின் கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது. அந்தத் திருத்தத்தைத்தான் நாங்கள் ஃபியூல் ட்ரிம் என்கிறோம். உடனடித் திருத்தம் ஒன்று, நாள்பட்ட பழக்கத்தில் கணினி மனத்தில் வைத்துக்கொண்ட திருத்தம் மற்றொன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் ஒன்றை மட்டும் படிப்பவர் வழி தவறுவது உறுதி. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிய அந்தப் பட்டறையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே குறியீட்டுக்கு இதே பாகத்தை நானும் மாற்றியிருக்கிறேன். அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று ஈசூனிலிருந்து அரை மணி நேரம் ஓடி வந்த எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, நாள்பட்ட திருத்தம் கூட்டல் இருபது விழுக்காட்டில் நின்றது. உடனடித் திருத்தமோ கழித்தல் பதினைந்தில் இருந்தது. ஒரு கை அள்ளிக் கொடுப்பதை மறு கை பிடுங்கிக்கொள்வதுபோல. நிகரக் கணக்கு கூட்டல் ஐந்துதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குறியீடு பதிவான கணத்தின் விவரங்களையும் பார்த்தேன்: வேகம் சுழியம், எஞ்சின் நிமிடத்துக்கு 720 சுற்று, குளிர்நீர் வெப்பம் 64 டிகிரி. படித்தேன், குறித்துக்கொண்டேன், யோசிக்கவில்லை. எங்கோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது என்று எண்ணி, நேரே புகை இயந்திரத்தை இழுத்துவந்தேன்.

புகை இயந்திரம் எண்ணெயைச் சூடாக்கிப் புகையாக்கி, ஒரு பிஎஸ்ஐக்கும் குறைந்த, மிக மெல்லிய அழுத்தத்தில் எஞ்சினின் காற்றுப் பாதைக்குள் செலுத்தும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை வெளியே வரும். முன்பெல்லாம் ஓடுகிற எஞ்சின்மேல் கார்ப்ரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, சுற்று மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்போம்; கொதிக்கும் புகைக்குழாய்க்கு அருகில் அது நெருப்போடு விளையாடுவது. புகை இயந்திரம் வந்த பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். அன்று பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குத் திருப்பும் வால்வு, எண்ணெய்ப் பெட்டியின் ஆவியைக் கொண்டுவரும் ரப்பர் முழங்கை என எல்லாவற்றையும் விளக்கடித்துப் பார்த்தேன். கால் மணி நேரமாகியும் ஒரு இழை புகைகூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கழித்தல் பதினைந்து மனத்தில் மறுபடி வந்து நின்றது. இப்போது இல்லாத ஒரு குறைக்காக அந்தக் கணினி எப்போது இருபது விழுக்காடு கூட்டக் கற்றுக்கொண்டது? எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருமுன், 64 டிகிரியில், நின்ற நிலையில். ஆசிரியர் சொன்னதும் அதுவேதான்: காலையில், முதல் சிக்னலில். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் தலைப்பகுதிக்கும் இடையில் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் ஆண்டுக்கணக்கில் வெந்து இறுகிப்போனால், ஆறியிருக்கும்போது சுருங்கி இடைவெளி விடும். சூடேறியதும் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். நான் ஓட்டை மூடிக்கொண்ட நேரத்தில் ஓட்டையைத் தேடியிருக்கிறேன்.

அவருக்குப் போன் செய்து, வண்டி இரவு இங்கேயே நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். “நாளைக்கு பேத்தி பஸ்ஸில போகட்டும், பரவாயில்ல” என்றார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, யாரும் வருமுன், ஸ்கேனரைச் செருகிவிட்டு எஞ்சினை இயக்கினேன். ஒரு நிமிடத்துக்குள் கணினி திருத்தத் தொடங்கியது. நிகரத் திருத்தம் கூட்டல் 25. சுற்றை 2,500க்கு ஏற்றிப் பிடித்ததும் அது ஆறாக இறங்கியது. இந்த இறக்கம்தான் எங்கள் தொழிலில் காற்று ஓட்டையின் கையெழுத்து மாதிரி. ஐட்லிங்கில், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட சென்சார் நொடிக்கு 2.4 கிராம் காட்டியது. அதற்குத் தெரியாமல் ஓட்டை வழியாக 0.6 கிராம் நுழைந்தால் அது கால் பங்கு. 2,500 சுற்றில் சென்சார் வழியே 10 கிராம் போகிறது, ஓட்டையோ அதே 0.6 கிராமைத்தான் விடுகிறது, ஆறு விழுக்காடு. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் கதை தலைகீழாக இருக்கும்: ஐட்லிங்கில் சாதுவாக இருந்துவிட்டு, தீவு விரைவுச்சாலையில் அழுத்தி மிதிக்கும்போதுதான் திருத்தம் ஏறும்.

வெளியே காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். நல்ல எஞ்சினின் மேனிஃபோல்டுக்குள் ஐட்லிங்கில் 30, 35 அளவில்தான் இருக்கும். அவ்வளவு இழுவை இருக்கும்போது நகம் நுழையாத இடைவெளி போதும். காற்றோட்ட சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் இதே ஓட்டை வேறு வேடம் போடும். கணினி கூடுதல் காற்றையும் உணர்ந்து பெட்ரோல் கொடுத்துவிடுவதால் கலவை பெரும்பாலும் பிசகாது, ஐட்லிங் மட்டும் உயரும். இது தெரியாமல் எல்லா வண்டியிலும் ஒரே அடையாளத்தைத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் சூடேறுமுன் அணைத்துவிட்டுப் புகையைச் செலுத்தினேன். இரண்டாவது நிமிடத்தில், மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் குழலின் அடிப்பக்கத்திலிருந்து ஊதுபத்தியின் நூல்போல ஒரு கோடு எழுந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடியைக் கீழே நீட்டித்தான் பார்த்தேன். உதவிக்கு இருக்கும் இளைஞனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டு வந்தவன், “நேத்து ஏண்ணே வரல?” என்று சரியான கேள்வியைக் கேட்டான்.

மேனிஃபோல்டைக் கழற்றி, தளத்தைத் துடைத்து, புதுக் கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக முறைப்படி போல்ட்டுகளை முறுக்கினோம். பழைய கேஸ்கெட்டில் நகத்தை அழுத்திப் பார்த்தேன், தடமே பதியவில்லை. கணினி பழகிவைத்திருந்த திருத்தங்களை அழித்துவிட்டு வண்டியை இன்னொரு இரவும் நிறுத்தச் சொன்னேன். சூட்டில் சரியாகத் தெரிவதை நம்பி ஒருமுறை ஏமாந்தது போதும். மூன்றாம் நாள் காலை, ஆறிய எஞ்சினில், நிகரத் திருத்தம் கூட்டல் மூன்று. பத்து வயது கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் உள்ள கட்டாயப் பரிசோதனை அவருக்கு அடுத்த மாதம் இருந்தது. அதைப் பற்றி இனிக் கவலை வேண்டாம் என்றேன்.

ஆசிரியர் வண்டியை எடுக்க வந்தபோது பில்லை வரி வரியாகப் படித்தார், கட்டுரை திருத்துகிறவர் போல.

“ரெண்டு தடவை புகை போட்டதா சொன்னீங்க. ஒண்ணுக்குத்தானே பணம் போட்டிருக்கீங்க தம்பி?”

“முதல் தடவை நீங்க ‘காலையில’ன்னு சொன்னதை நான் சரியாக் கேக்கல சார்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பழைய கேஸ்கெட்டைத் தரமுடியுமா என்று கேட்டார். பேத்தியிடம் காட்டவேண்டுமாம். எண்ணெய் படாமலிருக்கச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.