ஏற்காட்டு ஏரிக்கரையிலிருந்து ஒரு கரைசேர்தல்

2023 ஏப்ரல் 29 அன்று, நான் நின்றது ஏற்காட்டில் என்றாலும் மனம் முழுவதும் பிரான்ஸ் நாட்டின் லெ சாப்ல் தொலோன் துறைமுகத்தில்தான் இருந்தது. கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிய இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி அன்று கரைசேரவிருந்தார். ஒரு படகுக்காகச் சுற்றுலாவைத் தள்ளிவைக்க வீட்டில் ஒருவரும் சம்மதிக்கவில்லை.

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிய பேருந்தில் இடம் கிடைக்காமல், அடிவாரத்துக்கு மேலுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கம்பியைப் பிடித்து நின்றபடியே கடந்தேன். இறங்கிய பிறகும் தரை ஆடியது. ஏரிக்குக் கொண்டுபோய்விட ஒரு வாடகைக் கார்க்காரர் 500 ரூபாய் கேட்டார்; நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு இது பகற்கொள்ளை. நாள் முழுவதுக்கும் 2,000 ரூபாய் என்று கணக்குப் போட்டு வந்தவர்கள் நாங்கள் என்பதால் நடந்தோம்.

பத்து மணி வாக்கில் பஜ்ஜிக் கடையோரம் ஓரளவு சிக்னல் கிடைத்தது. நான் கைபேசியை முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த கடைக்கார அம்மா, மிளகாய் பஜ்ஜியை எண்ணெயில் திருப்பியபடியே, "என்னங்க தம்பி, மேட்ச்சுங்களா?" என்றார். எட்டு மாதமாக ஒருவர் தனியாகக் கடலில் வருகிறார் என்றேன். "அத்தனை நாளும் சோறு யாருங்க ஆக்கிப் போட்டா?" என்று அவர் கேட்டது, இந்தப் பந்தயத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான கேள்வி.

2018இல் இதே பந்தயத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசிய புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கி, அசைய முடியாமல் படகிலேயே கிடந்த அபிலாஷை ஒரு பிரெஞ்சுக் கப்பல்தான் மீட்டது. முதுகில் டைட்டானியம் தண்டுகளைப் பொருத்திக்கொண்ட அவர், முதன்முதலில் 1968இல் நடந்த பந்தயத்தைப் போலவே செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாமல், சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளந்து இருப்பிடம் அறியும் செக்ஸ்டன்ட் கருவியையும் காகித வரைபடத்தையும் நம்பி, 2022 செப்டம்பர் 4 அன்று மறுபடியும் புறப்பட்டார். காற்றுக்கேற்ப படகைத் தானே செலுத்தும் கருவி வழியில் உடைந்தபோது, கழிவறைக் கதவை அறுத்து அதற்குப் பலகை செய்துகொண்டார்.

படம் உறைந்தது, மீண்டது, மறுபடியும் உறைந்தது. பஜ்ஜி ஆறிப்போனது. அதற்குள் 236 நாள் பயணம் முடிந்து அவர் இறுதிக் கோட்டைக் கடந்துவிட்டிருந்தார். இரண்டு நாள் முன்னதாகவே தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் முதலிடம் பெற்றிருந்ததால் "அப்போ ரெண்டாவதுதானா?" என்று மச்சான் உதட்டைப் பிதுக்கினான். புறப்பட்ட 16 பேரில் வழியில் எங்கும் நிற்காமல் அன்றுவரை கரைகண்டவர்கள் இரண்டே பேர் என்று சொன்ன பிறகு, பேசாமல் அடுத்த தட்டுப் பஜ்ஜிக்கு அவனே காசு கொடுத்தான்.

மாலையில் நாங்களும் மிதிபடகு எடுத்தோம். கட்டணம் நெஞ்சைச் சுட்டது. திரும்பும்போது படகுத்துறையில் மூன்று முறை முட்டியும் படகை நிறுத்தத் தெரியாமல் நாங்கள் விழிக்க, ஊழியர் ஒருவர் நீண்ட கொக்கியால் எங்களை இழுத்துக் கட்டினார்.