படுவான்கரைத் தயிரை வரிசை வைத்துச் சுவைத்த அனுபவம்

வைன் ருசி பார்க்கிற முறையை எங்கள் ஊர் எருமைத் தயிருக்குப் போட்டுப் பார்த்தால் என்ன என்ற எண்ணம், மச்சானோடு போனில் கதைத்ததில் வந்தது. அவர் பிரான்சின் தெற்கே, லாங்டொக் பக்கம் இருக்கிறார். போர்தோ, பர்கண்டி மாதிரிப் பெயரெடுத்த இடங்களைப் பார்க்க அங்கே வைன் மலிவு. லீவு நாட்களில் ஊர் ஊராகப் போவாராம். விவசாயிகளின் கூட்டுறவுக் கிடங்கிலோ ஒரு குடும்பத்தின் சின்னக் கிடங்கிலோ நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தருவதைச் சுவைத்து, பிடித்ததில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு வருவாராம். அங்கேயும் ஒரு வாவி இருக்கிறது. தோ வாவி என்று பெயர். அதில் வளர்க்கிற சிப்பியோடு, கரையோரத்திலேயே விளைகிற பிக்பூல் என்ற வெள்ளை வைனைக் குடிப்பார்கள். வாவியும் விளைநிலமும் ஒட்டிக்கிடக்கிற ஊர் என்றால் மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு வேறு எது ஞாபகம் வரும்?

நான் வைன் குடிப்பதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த முறை மட்டும்தான். முதலில் நிறம், பிறகு மணம், அதற்குப் பிறகுதான் வாய். வாயில் எடுத்ததை உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படவிட வேண்டும். லேசானதில் தொடங்கிக் கனமானதுக்குப் போக வேண்டும், இனிப்பு கடைசியில். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தண்ணீரும் ஒரு துண்டுப் பாணும். ஞாபகத்தை நம்பாமல் அங்கேயே எழுதிவைக்க வேண்டும். ஒப்பிடுவதிலும் இரண்டு வகை உண்டு. ஒரே வருடத்து வைனை வெவ்வேறு தோட்டங்களில் இருந்து எடுத்துப் பார்ப்பது ஒன்று. ஒரே தோட்டத்தின் வெவ்வேறு வருடங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது மற்றது. தயிருக்கு வருடக் கணக்கு கிடையாது, நாள் கணக்குத்தான். ஆகவே ஒரே காலையில் வெவ்வேறு பட்டித் தயிர் (பட்டி என்றால் மாட்டு மந்தை), அப்புறம் ஒரே வீட்டின் நேற்றையதும் முந்தாநாளையதும் என்று திட்டம் போட்டேன்.

தொடக்கத்தில் டவுன் கடைகளில் வாங்கிய முட்டிகளை, அதாவது தயிர் உறைந்த மண்சட்டிகளை, வீட்டு மேசையில் வைத்துத்தான் பார்த்தேன். புளிப்புக் கூடக் குறைய இருந்ததே தவிர, வேறு வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தயிரை உறைய வைக்கிற நுண்ணுயிர்கள் உறைந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. பாலில் உள்ள சீனியை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும், வெயில் சூட்டில் இன்னும் வேகமாக. லொறியில் குலுங்கி வரும்போது தயிர் உடைந்து தண்ணீர் விடும். கடைக்கு வந்து சேரும்போது புளிப்பு மற்ற எல்லா ருசியையும் மூடிவிடுகிறது. தயிர் எங்கே உறைகிறதோ அங்கே போய்ச் சாப்பிட்டால்தான் சரிவரும் என்று முடிவெடுத்தேன்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு, கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் விடியவே வெளிக்கிட்டோம். வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்தால் வவுணதீவு, அதோடு படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. டவுனும் கடலும் எழுவான்கரையில், வயலும் குளமும் காடும் படுவான்கரையில். ஆயித்தியமலை தாண்டி உன்னிச்சைக் குளம் வரை போய், திரும்பும்போது கொக்கட்டிச்சோலைக்கு வந்து மண்முனைப் பாலத்தால் வீடு சேர்வது என்பது எங்கள் பாதை. 2014 இல் அந்தப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்த இடத்தில் வள்ளத்தில் ஏற்றித்தான் எல்லாவற்றையும் கடத்தினார்கள், தயிர் முட்டி உட்பட. செலவு என்று பார்த்தால் பெற்றோல், தயிர், மத்தியானச் சோறு. அவ்வளவுதான்.

அந்த நேரம் பெரும்போக வேளாண்மை வயலில் நின்றது. மாடுகள் பயிரில் வாய் வைக்காமல் இருக்கப் பட்டிகளைக் காட்டோர மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அறுவடை முடிந்தால் அவை வயலுக்குத் திரும்பி, வெட்டிய நெல்லின் அடித்தாளை மேயும். வைன்காரர்கள் மண்ணையும் வெயிலையும் பற்றிக் கதைப்பது போல எங்கள் பட்டிக்காரர்கள் புல்லையும் தண்ணீரையும் பற்றிக் கதைக்கிறார்கள். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. சேற்றிலோ குளத்திலோ கிடந்துதான் உடம்பைக் குளிர வைக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் எவ்வளவு புல் இருந்தாலும் பால் குறையும் என்று பட்டிக்காரர் ஒருவர் சொன்னார்.

உன்னிச்சைப் பக்கம் நாங்கள் போன வீட்டில் தயிர் போடுவது ஒரு அம்மா. விறகு அடுப்பில் பெரிய சட்டி, அதில் பால் பொங்கி அடங்கிய பிறகும் சிறு தீயில் வற்றிக்கொண்டிருந்தது. இறக்கி ஆறவிட்டு, விரலை விட்டுச் சூடு பார்த்தார். விரல் சுடாமல் தாங்குகிற பதம். தயிர் நுண்ணுயிர்களுக்குப் பிடித்த சூடு 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரை என்று நான் படித்திருக்கிறேன், அவருடைய விரலும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. பிறகு நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துக் கலந்து, வரிசையாக வைத்த முட்டிகளில் ஊற்றினார். கிட்டப் பார்க்கலாம் என்று ஒரு முட்டியை நகர்த்தப் போனேன். “அசைக்காத மனே. உறை விட்டா மறுகா தொடவும் ஏலா, தண்ணி விட்டிரும்” என்றார். அந்த முட்டிகள் அடுத்த நாள் காலை வரைக்கும் அதே இடத்தில் இருக்கும்.

எங்களுக்கு முதல் நாள் போட்டதில் ஒன்றைத் தந்தார். முட்டியின் வாயில் கட்டியிருந்த தாளை அவிழ்த்ததும் விறகுப் புகையும் ஈர மண்ணும் சேர்ந்த மணம். மேலே விரல் நகத்தின் தடிப்பில் ஆடை, அதில் மெல்லிய சுருக்கம். அகப்பையை நேராக இறக்கி ஒரு துண்டு எடுத்தேன். வெட்டிய பக்கம் சுவர் போல அப்படியே நின்றது. குழியின் அடியில் தண்ணீர் ஊற நேரம் எடுத்தது, அதுவும் ஒரு தேக்கரண்டி அளவு வராது. முட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் ஈரமும் குளிரும். மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உறிஞ்சி வெளியே விடுகிறது, அந்த ஈரம் காயும்போது முட்டி குளிர்கிறது, தயிர் இறுகுகிறது. பிளாஸ்டிக் வாளியில் வருகிற தயிருக்கு இந்த வேலை நடப்பதில்லை. எருமைப் பாலில் கொழுப்பு 7, 8 சதவீதம் வரை இருக்கும், பசுப்பாலில் 4 சதவீதம் போலத்தான். புரதமும் பசுப்பாலை விடக் கூட. கொழுப்பும் புரதமும் சேர்ந்துதான் இந்தச் சுவரைத் தாங்குகின்றன.

இனி ருசி. வவுணதீவில் காலையில் வாங்கியதையும் பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தோம். அது வெள்ளை வெளேரென்று இருந்தது, புளிப்பு பின்னால்தான் வந்தது, முன்னால் பால் இனிப்பு. கொப்பியில் ‘காலைச் சாப்பாட்டுக்கு, எதுவும் சேர்க்காமல்’ என்று எழுதினேன். உன்னிச்சைத் தயிரில் முதலில் புகை, நடுவில் நெய்ப்பிடிப்பு, விழுங்கிய பிறகு அடிநாக்கில் பச்சைப் புல்லைக் கடித்தது போன்ற மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். மாடுகள் காட்டுக்குள் போன பிறகுதான் அது வரும் என்றார். திரும்பும் வழியில் கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட ஒரு வீட்டில் வாங்கியதில் பசுப்பாலும் கலந்திருந்தது, அவர்களே சொன்னார்கள். நிறத்திலேயே தெரிந்தது, லேசான மஞ்சள். பசு தின்கிற புல்லின் மஞ்சள் நிறம் கொஞ்சம் பாலுக்கு வரும், எருமைப் பாலுக்கு வராது. அந்தத் தயிர் மென்மையானது, சீக்கிரம் கரைவது, புளிப்பு நேராக முன்னால் வந்து நிற்பது. சோற்றோடு பிசைய எனக்கு இதைத்தான் பிடித்தது. வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்தால் கெட்டித் தயிர் கட்டி கட்டியாக நிற்கும், இது ஒவ்வொரு சோற்றிலும் ஏறும்.

கல் நந்தி புல் தின்ற கதை சொல்கிற கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதியில் நின்றுகொண்டு, மாடு என்ன தின்றது என்று நாங்கள் நாக்கால் தேடிக்கொண்டிருந்தோம். அதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

வாய் கழுவப் பாணை விட வெறும் வெள்ளைச் சோறு ஒரு பிடி நல்லது என்று கண்டுகொண்டோம். பாணில் உப்பு இருக்கிறது, அது அடுத்த தயிரின் இனிப்பைக் கூட்டிக் காட்டும்.

ஒரே வீட்டின் நேற்றையதையும் முந்தாநாளையதையும் ஒப்பிட்டதுதான் அன்று நான் அதிகம் படித்த பாடம். ஒரே பட்டி, ஒரே உறை, ஒரே கை. முந்தாநாளையதில் புகை மணம் அடங்கிப்போய், புளிப்பு ஏறி, பாற்கட்டியின் மணம் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. இன்னும் இறுகியும் இருந்தது. என் கூட்டாளிக்கு அதுதான் பிடித்தது, எனக்கு நேற்றையது. தேன் ஊற்றிச் சாப்பிடுவதென்றால் அவன் பக்கம் சாய்வேன். இனிப்புக்கு எதிரே நிற்க அந்தப் புளிப்பு வேண்டும்.

தேனைக் கடைசியில் வைத்தோம். போன பருவத்துக் காட்டுத் தேன், போத்தலைத் திறந்ததும் ‘புஸ்’ என்றது. பெரிய தேனீக்கள் மரக்கொம்பில் கட்டுகிற அடையின் தேனில் தண்ணீர் கொஞ்சம் கூட. ஆகவே வைத்திருக்க வைத்திருக்க லேசாகப் புளிக்கத் தொடங்கும். இந்தப் பயணத்தில் வைனுக்கு மிகக் கிட்ட வந்தது அந்தத் தேன்தான். நல்ல தேனா என்று தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதும் தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவதும் சோதனையே இல்லை. சீனிப்பாகும் கெட்டியாக இருந்தால் அதே மாதிரித்தான் நடந்துகொள்ளும். எடுத்தவரைத் தெரிந்து வாங்குவதை விட நம்பகமான வழி நம்மிடம் இல்லை.

கலப்படம் பற்றி மச்சானிடம் சொன்னபோது அவர் 1907 ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். சீனியும் தண்ணீரும் போட்டுச் செய்த போலி வைனால் விலை விழுந்து, லாங்டொக் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்களாம். மொன்பெலியே நகரில் லட்சக்கணக்கில் கூடியிருக்கிறார்கள். பிரான்சில் 1935 இல் வந்த சட்டப்படி, ஒரு இடத்தின் பெயரைப் போத்தலில் போட வேண்டுமென்றால் அந்த இடத்தில் விளைந்து, அந்த இடத்து முறைப்படி செய்திருக்க வேண்டும். எங்கள் நாட்டுக் கறுவாவுக்கும் 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்படி ஒரு பாதுகாப்பைக் கொடுத்தது. தயிருக்கு அது வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ‘மட்டக்களப்புத் தயிர்’ என்று பொதுவாகச் சொல்லி விற்பது போதாது. உன்னிச்சை, வவுணதீவு, வாகரை என்று ஊரின் பெயரும் உறை ஊற்றிய தேதியும் முட்டியில் கட்டுகிற தாளில் இருக்க வேண்டும். அடுப்படியில் புகைக்குள் நிற்கிற அந்த அம்மாவின் வேலைக்கு அப்போதுதான் தனி விலை கிடைக்கும்.

ஆனால் ஊர்ப்பெயர் போட, முதலில் மேய ஒரு இடம் இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் வெளியில் இருந்து வந்தவர்கள் பயிர் செய்வதை எதிர்த்து, 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அந்தச் செய்திகளை முன்பு நிலப் பிரச்சினையாக மட்டும் வாசித்தேன். உன்னிச்சைத் தயிரின் அந்தக் கசப்பை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு, அது ருசியின் பிரச்சினையும்தான் என்று எனக்குப் படுகிறது. மாட்டைக் கட்டிவைத்துத் தவிடு போட்டாலும் பால் வரும், அந்தத் தயிர் வராது.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். காலை 8 மணிக்குள் முதல் வீட்டில் இருங்கள், பிறகு வெயில் எல்லாவற்றையும் புளிக்க வைத்துவிடும். முட்டியை வைக்கோல் சுற்றிச் சாக்கில் இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டும், பின்னால் கட்டக் கூடாது. மர அகப்பை கொண்டுபோங்கள், இரும்புக் கரண்டியின் மணம் தயிரில் தெரிகிறது. வெறும் வயிற்றோடு போங்கள். சுவைக்கத் தருகிற வீட்டில் ஒரு முட்டியாவது வாங்காமல் வராதீர்கள்.

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து பட்டிகள் தாள் வயலுக்கு இறங்கும். அதே வீடுகள், அதே வரிசை, அதே கொப்பி. கசப்பு இருக்கிறதா, புகைக்கும் நெய்ப்பிடிப்புக்கும் நடுவில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். மச்சானும் அந்த நேரம் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், முதல் கரண்டி அவருக்கு.