பிடிதுணிக்கு ஓரம் கட்டுவது

துணிகளை அடுக்கித் தைக்கும் பெரிய குவில்ட் போர்வைகளைத் தயங்காமல் முடிப்பவர்கள்கூட, அடுப்படியில் பாத்திரம் இறக்கும் சிறிய பிடிதுணியின் ஓரத்தில் தடுமாறிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தடுமாறினேன். போர்வையின் ஓரத்தைச் சுற்றி மூட வெட்டும் 2.5 இஞ்சு அகலத் துணிப் பட்டியை 8 இஞ்சுச் சதுரத்துக்கும் வைத்துத் தைத்தபோது, பட்டி அகலமாகத் தொளதொளத்து, நான்கு மூலைகளும் கொழுக்கட்டை நுனி போலத் திரண்டு நின்றன. சிறியவற்றுக்கு 2 இஞ்சு போதும். உள்ளே தடித்த டவலை இரண்டு மடிப்பாக வைத்திருந்தால் மட்டும் 2.25 இஞ்சு வெட்டிக்கொள்கிறேன். நீளம், நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகையோடு ஒரு 10 இஞ்சு கூடுதல்.

பட்டியை நீளவாக்கில் மடித்துத் தேய்த்து, அதன் வெட்டு விளிம்புகளை முன்பக்க விளிம்போடு பொருத்திக் கால் இஞ்சு உள்ளே தையல் ஓட்ட வேண்டும். மூலை வருவதற்குக் கால் இஞ்சு இருக்கும்போதே தையலை நிறுத்தி, நூலை வெட்டி, பட்டியைச் சாய்வாக மேலே மடித்து, மறுபடி கீழே இறக்கி, அந்த மடிப்பு மேல் விளிம்போடு சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். இந்தக் கால் இஞ்சைக் கண் மதிப்பில் விட்டவர்களின் மூலை ஒருபோதும் கூராக வராது. நான் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்கிறேன். பின்பக்கம் மடக்கிக் கையால்தான் ஹெம்மிங் செய்கிறேன். இவ்வளவு சிறிய பொருளுக்கு மெஷினைவிட அது விரைவாகவே முடிகிறது.

சதுரத்துக்கு, இழை ஓடும் வாக்கிலேயே வெட்டிய நேர்ப்பட்டியே போதும் என்பார்கள். வளைவுக்குத்தான், இழைக்குச் சாய்வாக வெட்டிய கிராஸ் பட்டி கட்டாயம் என்பதும் உண்மையே. ஆனால் நேர்ப்பட்டியின் மடிப்பு ஒரே இழையின் வழியாக ஓடுவதால், தினமும் உரசி உரசி அந்த இடத்திலேயே கிழிகிறது. கிராஸ் பட்டியில் தேய்மானம் பல இழைகளுக்குப் பிரிந்துபோகும். துணி அதிகம் செலவானாலும் பிடிதுணிக்கு நான் கிராஸாகவே வெட்டுகிறேன்.

மார்த்தாண்டத்தில் இருப்பதால், களியக்காவிளை தாண்டிக் கேரளத்து நெசவு ஊரான பாலராமபுரம் வரை போய் வருகிறவர்களின் பழைய கசவு முண்டுகள் (சரிகைக் கரை வைத்த வேட்டிகள்) எங்கள் வீட்டிலும் சேர்ந்துவிடும். அழகுக்கு ஆசைப்பட்டு ஒருமுறை அந்தக் கசவையே பட்டியாக வைத்தேன். இஸ்திரிப் பெட்டி பட்டதும் அது சுருண்டுகொண்டது. சரிகை நூலில் பாலியெஸ்டர் கலந்திருந்தால் சூட்டுக்கு அருகே அதைக் கொண்டுபோகவே கூடாது. முண்டின் வெள்ளைப் பகுதி மட்டும் நல்ல பருத்தி. நனைத்து உலர்த்திய பிறகு வெட்டினால் பின்னால் சுருங்கி ஓரத்தை இழுக்காது.

பட்டியே இல்லாமல், நல்ல பக்கங்களை உள்ளே வைத்துச் சுற்றித் தைத்து, 3 இஞ்சு இடைவெளி வழியாகப் புரட்டி எடுக்கும் முறை பர்சுக்குப் பொருந்தும். பிடிதுணிக்கு எனக்குப் பிடிப்பதில்லை.

தொங்கவிடும் காதை, ஹெம்மிங் தொடங்குமுன் ஒரு மூலையில் செருகிவிட வேண்டும். மைனிக்கு (அண்ணிக்கு) தைத்ததில் அதை மறந்தேன். “ஓரம் நல்லாத்தான் இருக்கு பிள்ளே, எங்க தொங்கப் போட?” என்று கேட்டுவிட்டு, அதை உருளிப் பாத்திரத்துக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டார்.