கும்மித் தட்டில் சரளி வரிசை

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் பாடுவதையும் தாளம் தட்டுவதையும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும், இந்தப் பருவம் முழுக்க முயன்றது அது ஒன்றுதான்.

கர்நாடக இசையின் முதல் ஸ்வரப் பயிற்சி சரளி வரிசை. அதை மாயாமாளவகௌளை ராகத்தில் பாடவேண்டும், கையில் ஆதி தாளம். அதன் எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, முடிவதற்குள் பாதிப் பேருக்கு விரல் எண்ணிக்கை தப்பிவிடும். அதே பிள்ளைகள் பொங்கலுக்குக் கும்மியடிக்கும்போது குனிந்து நிமிர்ந்து, சுற்றி வந்து, பாட்டும் பாடி, ஒரு தட்டுகூடப் பிசகுவதில்லை. இவர்களுக்கா தாளம் வராது?

முதலில், வீட்டில் பாடுவதைப் போனில் பதிந்துவரச் சொன்னேன். தாலாட்டு, நடவுப் பாட்டு, மாரியம்மன் கும்மி எல்லாம் வந்தன. போன் கிடைக்காதவர்கள் கேட்டு மனப்பாடம் செய்து வந்தார்கள். அவர்கள் பாடியதுதான் இன்னும் நன்றாக இருந்தது.

கும்மி பெரும்பாலும் மூன்றன் நடை: தகிட, தகிட. சரி, ஆதி தாளம் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று ஸரிக, ரிகம, கமப என மும்மூன்றாகப் பிரித்து, வட்டமாக நிற்கவைத்துக் கும்மித் தட்டிலேயே பாடவைத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் தட்டின் வேகம் மாறாமல், தட்டுக்கு நான்கு ஸ்வரம்: ஸரிகம, ரிகமப. இங்கேதான் சிக்கல். நான்காவது ஸ்வரத்துக்கு இடம் தேடித் தட்டையே இழுத்தார்கள்.

அதைச் சரிசெய்தது பறை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். அப்பாவும் சித்தப்பாவும் பறையடிப்பவர்கள். கொண்டுவரச் சொன்னேன். மழை ஈரத்தில் தோல் தொய்ந்திருந்தது. பள்ளிக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி, அனலில் காட்டிக் காட்டி, விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஓசை கணீரென்று ஏறும்வரை விடவில்லை. இடக்கையில் சிண்டு என்ற நீள மெல்லிய குச்சி, வலக்கையில் கட்டையான அடிக்குச்சி. அவன் அடி நகரவே இல்லை. மற்றவர்கள் அதில் வந்து உட்கார்ந்தார்கள். சாவு மேளம் பள்ளிக்கு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கையில் இருக்கும் தாளத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு எந்தத் தாளத்தை நான் சொல்லிக்கொடுப்பது?

பாட்டுக்கு ஆதாரமான சுருதியையும் மாற்றினேன். கீபோர்டில் ஒரு கட்டை (C) வைத்தால் மேல் ஸட்ஜத்துக்கு, அதாவது உச்ச ‘ஸ’வுக்கு, கத்துவார்கள். பதிவுகளில் பெண்கள் அதற்குக் கீழே உள்ள ஐந்து கட்டையை (G) ஒட்டிப் பாடியிருந்தார்கள். அதற்கே இறக்கியதும் குரல் இயல்பாக வருகிறது.

ஆதி தாளம் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், இப்போது நிற்கிறது. இரட்டை வேகமான இரண்டாம் காலம் இன்னும் ஆடுகிறது. அடுத்து அலங்காரம் என்ற பயிற்சியில் ரூபக தாளம், ஆறு எண்ணிக்கை. அதற்கு எந்த வீட்டுப் பாட்டு ஒத்துவரும் என்று பிள்ளைகளே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.