லைனரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்

தண்டவாளத்தைச் சோதிப்பதென்றால் கையில் சுத்தியலும் தோளில் பையுமாக நடக்கிற கீமேன் என்ற ரயில்வே தொழிலாளிதான் முதலில். தன் பொறுப்பிலுள்ள பாதைத்துண்டான பீட்டில் போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது மற்றது என்று பார்த்துக்கொண்டு வருவார். ஒரு கிலோமீட்டருக்கு 1660 கான்கிரீட் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை), ஒவ்வொன்றிலும் நான்கு கிளிப் என்று கணக்குப் போட்டால் 6640 கிளிப். மார்க்-3 வகைக் கிளிப் ஒன்று 850 முதல் 1100 கிலோ வரை அழுத்தித் தண்டவாளத்தின் பாதத்தை, அதாவது அகன்ற அடிப்பகுதியைப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்த கிளிப் சுத்தியல் பட்டால் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். காது பழகினவருக்கு அது போதும்.

கண்ணுக்கு வேறு வேலை. ஸ்லீப்பரைச் சுற்றி ஜல்லியின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அதன் அடியில் இடைவெளி விழுந்துவிட்டது என்று அர்த்தம். வண்டி ஏறும்போதெல்லாம் ஸ்லீப்பர் கீழே இறங்கி ஜல்லியை இடிக்கிறது, கல் அரைபடுகிறது. மழைக்காலத்தில் அதே இடத்தில் சேறு பீய்ச்சிக்கொண்டு மேலே வரும். பக்கத்து மின்கம்பத்தின் (மாஸ்ட்) எண்ணைக் குறித்துக்கொண்டு, தொழிலாளர் குழுவான கேங்கை வைத்து பேக்கிங் செய்தால், அதாவது ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இடித்து நிரப்பினால் சரியாகிவிடும். விட்டுவைத்தால் பக்கத்து ஸ்லீப்பரும் ஆடத் தொடங்கும்.

தண்டவாளத்துக்குள்ளே இருக்கிற கீறலுக்கு அல்ட்ராசானிக் கருவிதான். தள்ளிக்கொண்டு போகிற சின்ன டிராலி அது. ஒலியலையை அனுப்பும் புரோபுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று புகுந்தால் அலை உள்ளே போகாது. நேராகக் கீழிறங்கும் 0 டிகிரி அலை படுக்கைக் கீறலைக் காட்டும், 70 டிகிரி அலை தலைப்பகுதியின் குறுக்குக் கீறலைக் காட்டும், 37 அல்லது 45 டிகிரி புரோப் போல்ட் துளையைச் சுற்றிய வெடிப்புக்கு. ஆபத்தான குறை அகப்பட்டால் சிவப்பு பெயின்ட்டில் மூன்று பெருக்கல் குறி. உடனே ஜாகிள்ட் ஃபிஷ் பிளேட்டும் (தண்டவாளத்தின் இருபுறமும் வைக்கும் வளைந்த இரும்புப் பட்டை) கிளாம்பும், மணிக்கு 30 கி.மீ. வேகக் கட்டுப்பாடு, 3 நாளுக்குள் அந்தத் துண்டை மாற்றியாக வேண்டும்.

ஆனால் டிராலியில் வைத்த புரோப் தலைக்கு மேலே ஓடுகிறது. அதன் அலை தலையிலிருந்து நடுத்தண்டு வழியாக அடிப்பாதத்தின் மையத்துக்குப் போகும். பாதத்தின் இரண்டு சிறகுகளும் அதன் பார்வையில் படுவதே இல்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர் போன்ற கடலோரப் பாதைகளில் நான் முதலில் பயப்படுவது அந்தச் சிறகுகளுக்குத்தான். உப்புக்காற்றின் ஈரம், கிளிப்புக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கும் தகடான லைனருக்கு அடியில் தங்கிவிடும். அங்கே துரு தின்று பள்ளம் விழும், லைனர் அதற்குள் பதியும். 60 கிலோ தண்டவாளத்தின் (மீட்டருக்கு 60 கிலோ எடை) பாதம் 150 மி.மீ. அகலம் இருந்தாலும் ஓரத்தில் கனம் 12 மி.மீ.க்குள்தான், அதில் சில மில்லிமீட்டர் போனாலே விரிசல் பிடிக்க இடம் கிடைத்துவிடும். முன்பெல்லாம் பெட்டிக் கழிவறைத் தண்ணீர் நேராகப் பாதையில் விழுந்ததால் உள்பக்கச் சிறகு இன்னும் சீக்கிரம் அரித்தது. பயோ டாய்லெட் வந்தபிறகு அந்தத் தொல்லை குறைந்தது, கடல் அப்படியேதான் இருக்கிறது.

இதற்குக் குறுக்குவழி கிடையாது. கிளிப்பைக் கழற்ற வேண்டும், லைனரை எடுக்க வேண்டும், கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி எவ்வளவு தின்றிருக்கிறது என்று அளக்க வேண்டும். லேசாக இருந்தால் துருத்தடுப்புப் பூச்சும் கிரீஸும் போதும். பள்ளம் விழுந்திருந்தால் ஸ்லீப்பரைக் கொஞ்சம் நகர்த்தி லைனரைப் புது இடத்தில் உட்காரவைப்பார்கள். கிரீஸ் போடாமல் விட்ட கிளிப் துளைக்குள்ளேயே இறுகிப்போகும், பிறகு எத்தனை அடி அடித்தாலும் வராது. மேலிருந்து பார்த்தால் ஒழுங்காகத்தான் தெரியும், அங்கேதான் ஏமாறுகிறோம்.

வெல்டு செய்து நீளமாக்கிய தண்டவாளத்தில் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு டிகிரி மாறினால் 60 கிலோ தண்டவாளம் ஒன்றில் சுமார் 1.9 டன் விசை சேர்கிறது. 40 டிகிரியில் கிளிப் போட்டு இறுக்கியதென்று வைத்துக்கொண்டால், வெயிலில் 60 டிகிரி தொடும்போது 38 டன் அமுக்கம். ஓர ஜல்லி குறைவாக இருந்தால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். அதனால்தான் இறுக்கிய வெப்பநிலைக்கு மேல் 20 டிகிரியைத் தாண்டியதும் வெயில் ரோந்து கிளம்புகிறது. விடியற்காலையில் 18 டிகிரிக்கு இறங்கினால் இழுவிசை 42 டன் அளவுக்குப் போகும். அரித்துப்போன பாதமும் பலவீனமான வெல்டும் விட்டுக்கொடுப்பது அந்த நேரத்தில்தான்.

உடைந்ததைக் கண்டால் முதல் வேலை உடைப்பைச் சரிசெய்வதல்ல, வண்டியை நிறுத்துவது. அந்த இடத்தில் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, ஒற்றைப் பாதையானால் எந்தப் பக்கம் வண்டி முதலில் வருமோ அந்தப் பக்கம் கொடியைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். அகலப்பாதையில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் சின்ன டப்பா), 1200 மீட்டரில் மூன்று, ஒன்றுக்கொன்று 10 மீட்டர் இடைவெளியில். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும், அதன் உலோகப் பட்டையைத் தண்டவாளத் தலையைச் சுற்றி நன்றாக மடக்கிவிட வேண்டும்.