தோளுக்குப் பின்னால்: ஒரு நடுக்கள நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு வருஷமாகக் கால்பந்தில் வலது விங்கில், அதாவது மைதானத்தின் வலது ஓரத்தில், ஓடிக்கொண்டிருந்த என்னை இன்று கோச் நடுவில் இறக்கினார். நடுவில் தடுத்து ஆடும் ஆறாம் நம்பருக்கு முழங்கால் வலி, சில வாரங்கள் வரமாட்டான். விங்கில் எனக்கு ஒரு பக்கம் கோடு உண்டு. அங்கிருந்து யாரும் வந்து பந்தைப் பறிக்க முடியாது. நடுவில் நாலு பக்கமும் ஆள். முதல் இருபது நிமிடத்தில் ஐந்து முறை பந்தை இழந்தேன். ஐந்துமே முதுகுப் பக்கமாக வந்தவர்களிடம். பந்தை நன்றாகத்தான் நிறுத்தினேன். நிறுத்தி நிமிர்வதற்குள் ஆள் வந்துவிடுகிறான்.

"பந்து வந்தப்புறம் பாக்குற. வர்றதுக்கு முன்னாடியே பாத்து முடிச்சிருக்கணும்" என்றார் கோச்.

மார்ச் 5, வியாழன்

இன்று முழுக்க ஒரே பயிற்சி. எதிரே ஒருவன் பாஸ் கொடுப்பான், எனக்குப் பின்னால் கோச் விரல்களைக் காட்டுவார். பந்து என்னைத் தொடுவதற்குள் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதலில் தலையைத் திருப்பினால் பந்து தவறியது. பந்தைப் பிடித்தால் விரல் தெரியவில்லை.

எப்போது திரும்ப வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பந்து ஒருவன் காலைவிட்டுக் கிளம்பியதும் அதன் பாதை பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அடுத்த காலைச் சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்த ஒரு விநாடிதான் எனக்குக் கிடைக்கும் நேரம். இது பிடிபட்டதும் பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னேன்.

இரவு 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை மறுபடி போட்டேன். 116வது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியெஸ்டா அடிக்கும் கோலை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த முறை பந்தை விட்டுவிட்டு அதே அணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஸாவியின் தலையை மட்டும் பார்த்தேன். இடது, வலது, இடது. பந்து பக்கத்தில் இல்லாதபோதும் அந்தத் தலை ஓய்வதில்லை. இத்தனை வருஷம் இதைக் கவனிக்காமல் எப்படி ஆட்டம் பார்த்தேன்!

மார்ச் 8, ஞாயிறு

நடுவில் முதல் மேட்ச். 2-1 தோல்வி.

முதல் பாதியில் பந்து கிடைக்கவில்லை என்று ஸ்டாப்பரின் (நடுத் தடுப்பாளரின்) காலடி வரை இறங்கிப் போய் வாங்கினேன். என்னைப் பிடித்த ஆளும் கூடவே வந்தான். நெரிசல் கூடியதுதான் மிச்சம். இடைவேளையில் கோச் சொன்னார்: "உனக்கும் பந்துக்கும் நடுவுல எதிராளி நின்னா, நீ கிரவுண்ட்லயே இல்லைன்னு அர்த்தம். அங்கேயே இரு, ரெண்டு அடி மட்டும் நகரு." நகர்ந்தேன். வழி திறந்தது! பந்துக்கு நேராக நிற்காமல் பாதி திரும்பி நின்று, தூரத்துக் காலில் வாங்கினால், முதல் தொடுதலிலேயே முன்பக்கம் பார்த்துவிடுகிறேன். பக்கத்துக் காலில் வாங்கினால் வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுக்கத்தான் முடிகிறது.

இரண்டாவது கோல் என் தவறு. லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாளன், மேலே ஏறினான். ஆசையில் நானும் ஏறினேன். பந்து பறிபோனது. அவன் விட்டுப்போன இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. இப்போது எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

மார்ச் 9, திங்கள்

அந்தக் கோலை நினைத்துத் தூக்கமில்லை. தடுத்து ஆடும் நடுக்கள ஆட்டக்காரர் மகெலெலே ஞாபகம் வந்தார். ரியல் மாட்ரிட் அவரை 2003இல் செல்சிக்கு விற்றது. அடுத்த லா லிகா (ஸ்பெயின் லீக்) பட்டம் ரியலுக்கு 2007இல்தான் வந்தது. செல்சி 2005, 2006 இரண்டு வருஷமும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றது. ஒரே ஆளால் நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்றவர்கள் ஏறும்போது ஏறாமல் நிற்பவரின் மதிப்பு, அவர் போன பிறகுதான் பலருக்குப் புரிந்தது. இனி பேக் ஏறினால் நான் நிற்பேன்.

மார்ச் 15, ஞாயிறு

மேட்ச் இல்லை. அக்கா ஹாக்கியில் ஹாஃப், அதாவது நடுக்களத்தில், ஆடுகிறாள், அவளிடம் கேட்டேன். "உனக்கு ரெண்டு கால் இருக்குடா. எங்க ஸ்டிக்ல ஒரு பக்கம்தான் தட்டை, அதாலதான் ஆட முடியும். எந்தப் பக்கம் திரும்பப் போறேன்னு பந்து வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணலைன்னா அவ்வளவுதான்." ஃபார்வர்டு தடுப்பவர்களைத் தாண்டி முன்கூட்டியே போய் நிற்கக் கூடாது என்கிற ஆஃப்சைடு விதியும் ஹாக்கியில் கிடையாது. எதிரணி ஃபார்வர்டு கோல் பக்கத்திலேயே நிற்கலாம், தடுப்பவர்களும் அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். நடுவில் இருப்பவர்களுக்குக் காக்க வேண்டிய பரப்பு இன்னும் பெரிது. அவளும் தோளுக்குப் பின்னால் பார்ப்பதைப் பற்றித்தான் கடைசிவரை பேசினாள்.

மார்ச் 22, ஞாயிறு

1-0, வெற்றி. பேசிக்கொண்டே ஆடினேன். பின்னால் ஆள் வந்தால் "ஆள்!", இடமிருந்தால் "திரும்பு!" இரண்டே வார்த்தை, அவ்வளவும் உதவியது. லெஃப்ட் பேக் ஏறிய ஒவ்வொரு தடவையும் நின்றேன்.

கோலுக்கு முன், ஸ்டாப்பர் எனக்குப் பந்தைத் தட்டியதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். இடது விங்கர் ஓடத் தொடங்கியிருந்தான். ஒரே தொடுதலில் அவன் முன்னால் போட்டேன். அவன் கிராஸ் செய்தான், ஒன்பதாம் நம்பர் தலையால் முட்டினான்.

முடிந்ததும் கோச் கேட்டார்: "அந்த பாஸ் அடிக்கும்போது உன் பின்னால யாரு?"

"அவங்க எட்டாம் நம்பர் சார். மூணு அடில இருந்தான்."

மார்ச் 24, செவ்வாய்

ஆறாம் நம்பர் மெதுவாக ஓட ஆரம்பித்திருக்கிறான். என்னை விங்குக்கு அனுப்ப வேண்டாம், நடுவில் முன்னேறி ஆடும் எட்டாம் நம்பராக வையுங்கள் என்று கோச்சிடம் கேட்டுவிட்டேன். "இடது கால் வரட்டும், பாக்கலாம்" என்றார். நாளை பயிற்சிக்கு அரை மணி முன்பே போய்ச் சுவரில் இடது காலால் அடிக்க வேண்டும்.