சமையல் புத்தகம் வாங்க முதல் பிட்டுப் பக்கத்தைப் பாருங்கோ

என்னட்டச் சமையல் புத்தகங்கள் கனக்கக் கிடக்கு, வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரர் சொக்கிலேட்டோட சேத்து ஒண்டு கொண்டந்து தருவினம், இஞ்ச புத்தகக் கண்காட்சி நடந்தா நானும் விடுறதில்ல. படத்தைப் பாத்திட்டு நல்ல புத்தகம் எண்டு சொல்லுறதில எனக்கு நம்பிக்கையில்ல, அதில சொன்னபடியே எங்கட அடுப்படியில செய்து வீட்டு ஆக்கள் சாப்பிடவேணும்.

முதல்ல நான் திறக்கிறது பிட்டு. அதில ஒளிக்க இடமில்ல, மா, உப்பு, தண்ணி, தேங்காய்ப்பூ, அவ்வளவுதான். லண்டனில அச்சடிச்ச தடிச்ச புத்தகம் ஒண்டு, வழுவழுப்பான தாள், அரிசிமா 250 கிராம் எண்டு போட்டிருக்கு, ஆனா மா வறுத்ததோ பச்சையோ எண்டு ஒரு சொல் இல்ல. வறுத்த மா குடிக்கிற தண்ணியும் பச்சை மா குடிக்கிற தண்ணியும் ஒண்டே? அதே பிட்டு, ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் காசு சேக்கிறதுக்கு எண்டு போட்ட சின்னப் புத்தகத்திலயும் இருக்கு, அதில கொதிதண்ணிய ஒரேயடியா ஊத்தாதேங்கோ, அகப்பைக்காம்பால கிளறிக் கிளறி விடுங்கோ, பேந்து சுண்டின்ர, அதான் அரிசி அளக்கிற பேணியின்ர, விளிம்பால கொத்துங்கோ, கையில பிடிச்சாக் கட்டியா நிண்டு தட்டினா உதிரவேணும் எண்டு எழுதியிருக்கினம். கிராம் ஒண்டுமில்ல. அப்பிடிச் செய்து, பிட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியால கவிழ்த்த பிட்டு குறுணி குறுணியா விழுந்தது, மாமி வாய் திறந்து புகழுற ஆளில்ல, ஆனா ரெண்டாந்தரமும் போட்டவ.

சொதிக்குத் தேங்காயின்ர தடிச்ச முதற்பாலையும் விட்டுப் பத்து நிமிசம் கொதிக்க விடச் சொல்லுற புத்தகம் எண்டா அங்கயே மூடிப்போடுவன், பால் திரைஞ்சு போம்.

லண்டன் புத்தகத்தில எனக்குக் கோவம் வந்த இடம் ஒடியற்கூழ். நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் சரியாப் போட்டிட்டு, மாவைத் தண்ணியில கரைச்சு அப்பிடியே கொதிக்கிறதுக்க ஊத்தட்டாம். ஒடியல் எண்டுறது பச்சைப் பனங்கிழங்கைக் கிழிச்சுக் காயவைச்சது, புழுக்கொடியல் மாதிரி அவிச்சதில்ல, அதால மாவைக் கனக்கத் தண்ணியில ஊறவிட்டு, மா அடியில அடைய மேல நிக்கிற தண்ணிய வடிச்சு ஊத்திப்போட்டு, திரும்பவும் தண்ணி விட்டுக் கசப்புப் போகுமட்டும் செய்யவேணும், உடம்புக்குக் கூடாத சாமானும் அந்தத் தண்ணியோடதான் போகுது. இந்த ஒண்டில மட்டும் நான் புத்தகம் சொன்னதைக் கேக்கேல்ல. அங்க பிறந்த பிள்ளையள் உதை நம்பித்தானே செய்யப்போகினம், பக்கத்தில நிண்டு சொல்லிக்குடுக்க ஆரிருக்கினம்? அம்மா கண்ணாடியப் போட்டு வாசிச்சுப்போட்டு, "பிள்ளை, உதை எழுதினவ கூழ் குடிச்சிருப்பா, காய்ச்சியிருக்கமாட்டா" எண்டா.

சின்னப் புத்தகத்திலயும் குறை இருக்கு, பொருளடக்கமே இல்ல, கறித்தூளைத் தேடுறதுக்குள்ள அடுப்பில வெங்காயம் கருகிப்போம். மீன்குழம்பு எண்டு போட்டிருக்கினம், என்ன மீன் எண்டு இல்ல, யாழ்ப்பாணத்துப் பாசையூர் மீன்சந்தையில போய் நிண்டு "மீன்" எண்டு கேட்டா எதைத் தருவினம்? ஆனா கறித்தூள் பக்கம் திறம், ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியா வறுக்கச் சொல்லி, வெந்தயம் கருகினாத் தூள் முழுக்கக் கசக்கும் எண்டும் எழுதியிருக்கினம்.

லண்டன் புத்தகத்தை ஆருக்கும் குடுக்கலாம் எண்டுதான் யோசிச்சனான். பிறகு ரவையும் கசுக்கொட்டையும் போட்ட லவ் கேக்கை அதில பாத்துச் செய்தன், கேக்குக்குக் கிராம் கணக்கு வேணுந்தானே, சொன்ன அளவில அப்பிடியே வந்தது. அதால அது அலுமாரியிலதான் இருக்கு, கூழ்ப் பக்கத்தில மட்டும் சிவப்புப் பேனையால "ஊறவைக்கவும்" எண்டு பெரிசா எழுதிப்போட்டன்.